மாவு நறநறக்கிறது, யாரிடம் கேட்பது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 61. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள். ஊர் போடிநாயக்கனூர். ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன், பொங்கல் ஆஃபரில் எனக்கு இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் போட்டான். விலை ₹5,290. அதே மாடலை எங்கள் ஊர்ப் பாத்திரக் கடையில் ₹5,900 சொன்னார்கள். ஜனவரி 9-ஆம் தேதி வீட்டுக்கு வந்தது. 11-ஆம் தேதி முதல் தடவை அரைத்தேன். இட்லி வாயில் நறநறத்தது. மறுநாள் 12-ஆம் தேதி மகன் ஆப்பில் புகார் போட்டான். 15-ஆம் தேதி ஆள் வருவார் என்றார்கள். யாரும் வரவில்லை. ஆனால் "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று மெசேஜ் மட்டும் வந்தது. 18-ஆம் தேதி வந்தவர், "புதுக் கல் அப்படித்தான் இருக்கும், நாலஞ்சு தடவை ஓட்டுங்க, சரியாயிடும்" என்று சொல்லிப் போய்விட்டார். 22-ஆம் தேதி கழுவும்போது பார்த்தால் குழவிக் கல்லின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவு பெயர்ந்திருக்கிறது. மறுபடி புகார் போட்டால், "மாற்றித் தரும் காலம் பத்து நாள், அது முடிந்துவிட்டது" என்கிறார்கள். பில்லைப் பார்த்தால் "பாதுகாப்புத் திட்டம்" என்று ₹299 வேறு சேர்த்திருக்கிறது. அப்படி எதையும் தான் கேட்கவே இல்லை என்கிறான் மகன். நடுவில் நான் கூகுளில் ஒரு கஸ்டமர் கேர் நம்பரைத் தேடிப் போன் செய்தேன். ஏதோ ஒரு ஆப்பை டவுன்லோடு பண்ணச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கிக் கட் செய்துவிட்டார். "கடையில வாங்கியிருந்தா அன்னிக்குச் சாயங்காலமே மாத்திட்டு வந்திருப்பேன்" என்று தினமும் சொல்லிக் காட்டுகிறார். பில் மகன் பெயரில் இருக்கிறது. நான் கேஸ் போட முடியுமா? ஐயாயிரம் ரூபாய்க்குக் கோர்ட்டுக்குப் போவது அசிங்கமில்லையா? இனிமேல் எதையும் கடையில்தான் வாங்க வேண்டுமா?

பதில்: அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பிடித்தது தேதிகள். சத்துணவுப் பதிவேடு எழுதிய கை என்று பார்த்ததுமே தெரிகிறது. என் வக்கீல் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் "போன மாசமோ அதுக்கு முந்தின மாசமோ சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதைத் தேதியாக்குவதற்கே எனக்கு ஒரு மணி நேரம் போய்விடும். உங்கள் வழக்கு முழுக்க அந்தத் தேதிகளில்தான் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

9-ஆம் தேதி வந்த பொருளுக்குப் பத்து நாள் என்றால் 19 வரை கெடு. நீங்கள் புகார் பதிந்தது 12-ஆம் தேதி. நாலாம் நாளே சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஓடிய நாட்கள் உங்கள் அசட்டையால் ஓடவில்லை. 15-ஆம் தேதி அவர்கள் ஆள் வரவில்லை. 18-ஆம் தேதி வந்தவர் பொறுத்துப் பாருங்கள் என்றார். அவர் பேச்சை நம்பிப் பொறுத்துப் பார்த்ததால்தான் 19 தாண்டியது. கெடுவை அவர்களே தின்றுவிட்டு, கெடு தீர்ந்துபோனதே என்று உங்களிடம் சொல்கிறார்கள். 22-ஆம் தேதிப் புகாரைப் புதுப் புகார் என்று அவர்கள் எழுதிக்கொள்ளட்டும், நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள். "12-ஆம் தேதி பதிந்த புகாரின் தொடர்ச்சி" என்றே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சட்டம் இரண்டு பக்கமும் பேசும் இடம் இது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆனால் அதோடு "பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடவில்லை என்றால் முப்பது நாளுக்குள்" என்றும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்ளப் போவது அந்த "குறிப்பிட்ட காலம்" என்ற சொல்லைத்தான். அவருக்கு உங்கள் பதில், 12-ஆம் தேதி ஆப்பில் விழுந்த புகார் எண்.

நம் பக்கம் இன்னொரு விதியும் இருக்கிறது. 2020 ஜூலையில் மத்திய அரசு மின்வணிகத்துக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. ஆன்லைன் சந்தையில் விற்கிறவர், பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் காட்டிய மாதிரி இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்கு வராமல் தாமதமானாலோ, அதைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது என்கிறது அது. அந்த விதியில் பத்து நாள், ஏழு நாள் என்ற கணக்கே கிடையாது. "மாற்றித்தான் தருவோம், பணம் தர மாட்டோம்" என்று ஆப்பில் எழுதிவைப்பதும் இதற்கு முன்னால் பெரிதாக நிற்காது. நிறம் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை என்பதற்கெல்லாம் அவர்கள் வைத்த கெடுதான் கெடு. உடைந்த குழவிக்கு அது பொருந்தாது.

அந்த டெக்னீஷியனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. புதுக் கிரைண்டரில் கல்தூள் வரும். தண்ணீர் விட்டு ஓட்டி, ஒரு பிடி அரிசி போட்டு அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் நம் வீடுகளில் புழங்க ஆரம்பிப்பார்கள். நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் குழவியைக் கழற்றிப் பார்த்தாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. பார்க்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். பார்க்காமலே "குறை தீர்ந்தது" என்று புகாரை மூடிவிட்டுப் போயிருப்பார், அப்படித்தான் வழக்கமாக நடக்கிறது. 15-ஆம் தேதி மெசேஜையும் விட்டுவிடாதீர்கள். பொங்கல் அன்று, வாசலில் பானை வைத்திருக்கிற வீட்டில் ஆள் இல்லையாம். அன்றைக்கு உங்கள் போனிலும் மகன் போனிலும் வந்த அழைப்புகளின் பட்டியலை அப்படியே படம் எடுத்து வையுங்கள். டெக்னீஷியன் அழைக்கவே இல்லை என்பதை அது காட்டும்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

பில் மகன் பெயரில் இருப்பது ஒரு தடையே இல்லை. பணம் கொடுத்து வாங்கியவர் மட்டும் நுகர்வோர் அல்ல, அவர் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் 2(7) பிரிவே சொல்கிறது. ஆன்லைனில் வாங்குவதும் அதில் அடக்கம் என்று அதே பிரிவில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. 1986-ஆம் வருடத்துப் பழைய சட்டத்தில் அந்த வரி கிடையாது. ஆகவே நீங்களே மனு போடலாம். மகனிடம் "என் அம்மாவின் உபயோகத்துக்காக வாங்கினேன்" என்று ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிட்டால் போதும். இருவரும் சேர்ந்து போட்டாலும் சரி.

எங்கே போடுவது? விற்றவரின் முகவரி பில்லில் ஹரியானாவிலோ பெங்களூருவிலோ ஒரு குடோனாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் கைகழுவிவிடுகிறார்கள். முன்பு அது உண்மையான பயம்தான், பொதுவாக எதிர்த்தரப்பு இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவு அதை மாற்றிவிட்டது. புகார்தாரர் குடியிருக்கிற இடத்திலேயே போடலாம். உங்களுக்குத் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். போடியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். ஹரியானாக்காரர்தான் தேனிக்கு வர வேண்டும்.

ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, நீங்களே நின்று பேசலாம். (எங்கள் சங்கத்தில் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.) வீட்டிலிருந்தே தாக்கல் செய்ய இ-தாக்கில் என்று ஒரு இணையவழி முறையை 2020-ல் கொண்டுவந்தார்கள். 2025-லிருந்து அது இ-ஜாக்ரிதி என்ற தளமாகியிருக்கிறது. மகனுக்கு இது அரை மணி நேர வேலை. காணொலி வழியாக விசாரணையில் கலந்துகொள்ளவும் அனுமதி கேட்கலாம்.

எவ்வளவு நாள் ஆகும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்துக்குள், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள், முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் பார்த்தவரையில் ஒரு வருடம் தாண்டுவது சகஜம். அதற்குத் தயாராக இருந்தால் போங்கள். ஆனால் கம்பெனிகள் வழக்கு முடியும்வரை காத்திருப்பதில்லை. தேனியில் வந்து நிற்க அவர்களுக்கு ஒரு வக்கீலை அமர்த்தினால், அந்தச் செலவே உங்கள் கிரைண்டர் விலையைத் தாண்டிவிடும். நோட்டீஸ் போன பிறகு, "மேடம், ரீஃபண்டு போட்டுடறோம், வாபஸ் வாங்கிக்குங்க" என்று வருகிற போன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐயாயிரத்துக்குக் கோர்ட்டா என்று நீங்கள் கூச்சப்படுகிறீர்கள். அந்தக் கூச்சத்தைக் கணக்கில் வைத்துத்தான் "கெடு முடிந்தது" என்ற பதிலை எல்லோருக்கும் ஒரே அச்சாக அனுப்புகிறார்கள்.

கேட்கும் தொகையில் மட்டும் நிதானம் வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க் கிரைண்டருக்கு மன உளைச்சல் ஐந்து லட்சம் என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதைப் பார்த்ததும் ஆணையத்துக்கு நம்மீது இருக்கிற மரியாதை பாதியாகிவிடும். பொருளின் விலை, அந்த ₹299, அலைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு. அவ்வளவு போதும்.

ஆனால் இன்றைக்கே மனு எழுத உட்காராதீர்கள். அதற்கு முன்னால் இரண்டு படி இருக்கிறது.

முதல் படி, அந்த ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல். சாட்டில் பதில் சொல்கிற பெயர் தெரியாத ஆளை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் போட வேண்டும். ஆப்பில் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும். கீழே கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனால் சின்ன எழுத்தில் இருக்கும். புகார் கிடைத்த 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மின்னஞ்சலில் கதை வேண்டாம். இந்த மாதிரி எழுதச் சொல்லுங்கள்:

"ஆர்டர் எண் இது. ஜனவரி 9 அன்று பொருள் கிடைத்தது. 12 அன்று மாவில் கல்துகள் வருவதாகப் புகார் செய்தோம், புகார் எண் இது. 15 அன்று யாரும் வரவில்லை. 18 அன்று வந்த உங்கள் டெக்னீஷியன் தொடர்ந்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். 22 அன்று குழவி உடைந்திருப்பதைக் கண்டோம், படங்கள் இணைப்பில். புகார் உங்கள் காலக்கெடுவுக்குள் பதிவானது. பொருளின் விலை ₹5,290, கேட்காமல் சேர்த்த ₹299, இரண்டையும் திருப்பித் தந்து பொருளை எங்கள் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லவும். விற்பனையாளரின் முழு முகவரியையும் தரவும்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிட வேண்டாம். எழுதிக் கேட்டால் விற்றவர் யார், எங்கே இருக்கிறார் என்ற விவரத்தைத் தர வேண்டியது ஆன்லைன் சந்தை நடத்துகிறவரின் கடமை. வழக்கில் விற்றவர், சந்தைக்காரர், தயாரித்த கம்பெனி என்று மூவரையும் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டாலும் மற்ற இருவரும் விரலை அவர் பக்கம் நீட்டிவிடுவார்கள். "நாங்கள் நடுவில் இருக்கிற இடைநிலையர்தான்" என்று சந்தைக்காரர் சொல்வார். சொல்லட்டும். பணம் வாங்கியது, ஆள் அனுப்பியது, புகாரை மூடியது எல்லாம் அவர்தான் என்றால் ஆணையங்கள் அதை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை.

இரண்டாவது படி, 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். பெரிய நிறுவனங்கள் பல இந்த உதவி மையத்தோடு இணைப்பில் இருப்பதால் புகார் நேராக அங்கே போகும். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் கஸ்டமர் கேரில் மாதக்கணக்கில் நகராத கோப்பு இங்கிருந்து போனதும் நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். நகராவிட்டாலும் அந்தப் புகார் எண் உங்கள் மனுவில் இன்னொரு தாளாகச் சேரும். வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, அவசரம் இல்லை.

₹299 விஷயத்துக்கு வருகிறேன். ஆர்டர் போடும்போது கட்டத்தில் முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருப்பார்கள், மகன் கவனித்திருக்க மாட்டார். அப்படித் தானாகச் சம்மதம் பதிவு செய்யக் கூடாது என்று அதே 2020 விதிகள் சொல்கின்றன. போதாததற்கு 2023 நவம்பர் 30 அன்று அரசு இந்த மாதிரித் தந்திரங்களில் 13 வகைகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. கேட்காத பொருளைக் கூடையில் நைசாகத் தள்ளுவது அதில் ஒன்று. "இன்னும் இரண்டுதான் மீதி, சீக்கிரம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது இன்னொன்று. ஒரு சின்னக் கணக்கு சொல்லட்டுமா? கடை விலைக்கும் இதற்கும் வித்தியாசம் ₹610. அதில் 299 போனால் மிச்சம் ₹311. இவ்வளவு அலைச்சலும் அந்த 311 ரூபாய்க்குத்தான்.

கூகுளில் எடுத்த நம்பர் விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள், தினமும் சொல்லிக் காட்டினாலும் பரவாயில்லை. அது அந்தக் கம்பெனியின் நம்பராக இருக்க வாய்ப்பே இல்லை. அவர்கள் இறக்கச் சொன்னது, உங்கள் போன் திரையை அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கும் ஆப்பாக இருந்திருக்கும். அதைப் போட்டு ஒரு ரூபாய் அனுப்பச் சொல்வார்கள். நீங்கள் பின் நம்பர் போடும்போது பார்த்துக்கொண்டால் கணக்கு காலி. உதவி எண்ணை ஆப்புக்குள்ளே இருந்து மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும். அதில் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

கடையில் வாங்கியிருந்தால் அன்று சாயங்காலமே மாற்றியிருப்பேன் என்கிறார் உங்கள் வீட்டுக்காரர். அதற்கும் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு ஒரு கடையில் மிக்ஸி வாங்கினேன், பெயர் வேண்டாம். இரண்டு வாரத்தில் மோட்டார் புகைந்தது. தூக்கிக்கொண்டு போனால், வாங்கும்போது காபி வரவழைத்துக் கொடுத்த அதே மனிதர், "கம்பெனி சர்வீஸுக்குப் போங்க சார், எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார். பில்லைத் திருப்பிக் காட்டினார். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருந்தது. அதற்குச் சட்டத்தில் மரியாதை இல்லை என்று சொன்னேன். அவர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். வக்கீலான நானே அந்த மிக்ஸியைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று முறை டவுன்பஸ்ஸில் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கடைசியில் ஒரு நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் புது மிக்ஸி வந்தது. முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்பது கடையின் பலம்தான். அந்த முகம் வாங்கும்போது ஒரு மாதிரியும், திருப்பித் தரும்போது வேறு மாதிரியும் இருக்கும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று கடைகளில் இருக்கிறது. "பில் வேணுமா, எஸ்டிமேட் போதுமா? பில்லுன்னா ஜிஎஸ்டி சேர்ந்துடும்" என்று கேட்பார்கள். நாமும் நானூறு ரூபாய் மிச்சம் என்று அந்தத் துண்டுச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வோம். அதில் கடைப் பெயர்கூட இருக்காது. பொருளில் குறை வந்து என்னிடம் வரும்போது, "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டால் அந்தச் சீட்டை நீட்டுவார்கள். பில் தராமல் இருப்பதும் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறைதான். ஆனால் அதற்கு உடந்தையாக இருந்தது நாம்தானே? எழுத்தும் வெளிறிப் போயிருக்கும். ஆன்லைனில் அந்த வம்பு கிடையாது. வாங்கிய நாள், தந்த பணம், போட்ட புகார் எல்லாம் கேட்காமலே பதிவாகிறது. வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் சொன்னால், கையில் எஸ்டிமேட் சீட்டு வைத்திருக்கிறவரைவிட ஆன்லைனில் ஏமாந்தவருக்கு வழக்காடுவது எனக்குச் சுலபம்.

அப்படியானால் கடை எதற்கு? ஓட்டிக் காட்டுவதற்கு. எங்கள் தெருவில் கிரைண்டர் விற்கிறவர், பெட்டியைப் பிரித்து, கல்லைக் கையால் தடவிக் காட்டி, தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் சுற்றவிடுவார். சத்தம் சரியில்லை என்றால் அவரே உதட்டைப் பிதுக்கி உள்ளே வைத்துவிட்டு வேறு ஒன்று எடுப்பார். உங்கள் குழவியின் ஓரம் அங்கேயே தெரிந்திருக்கும், பணம் கொடுக்கும் முன்பே. ஆன்லைனில் இந்தச் சோதனை பணம் கொடுத்த பிறகு, நம் வீட்டில், நாமே செய்ய வேண்டியதாகிறது. பெரும்பாலும் செய்வதில்லை. பெட்டியை அலமாரி மேலே வைத்துவிட்டு நல்ல நாள் பார்த்துத்தான் பிரிப்போம்.

என் சொந்த வழக்கம் இது. ஓட்டிப் பார்க்க வேண்டிய, போட்டுப் பார்க்க வேண்டிய, உட்கார்ந்து பார்க்க வேண்டிய பொருளைக் கடையில் வாங்குவேன். கிரைண்டர், செருப்பு, மெத்தை, நாற்காலி எல்லாம் அதில் வரும். கனமான பொருளும் அப்படித்தான். பத்துப் பன்னிரண்டு கிலோவைத் திருப்பி அனுப்பப் பெட்டி கட்டுகிற வேலை இந்த வயதில் நமக்கு வேண்டாம். எங்கே வாங்கினாலும் ஒரே மாதிரி இருக்கும் பொருள், புத்தகம் மாதிரி, பழைய மிக்ஸி ஜாருக்கான வாஷர் மாதிரி, ஊர்க் கடையில் கேட்டால் "அந்த மாடல் இப்ப வர்றதில்லம்மா" என்கிற பொருள், இவற்றையெல்லாம் ஆன்லைனில் தாராளமாக வாங்கலாம். தள்ளுபடி சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். அடித்துக் காட்டியிருக்கும் எம்ஆர்பி விலையில் எந்தக் கடைக்காரரும் விற்றிருக்க மாட்டார். கடை விலையைக் கேட்டு அதோடு ஒப்பிடுங்கள். உங்கள் மகன் அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். 610 ரூபாய் குறைவு என்று பார்த்தார், எதெதற்காகக் கடைக்காரர் அந்த 610 கேட்கிறார் என்று பார்க்கவில்லை.

மறுபடி ஆன்லைனில் வாங்க நேர்ந்தால், பெட்டி வந்ததும் பிரிப்பதற்கு முன்பே போனில் வீடியோ ஓடவிடுங்கள். முகவரி ஒட்டிய பக்கம் முதலில் தெரிய வேண்டும். நடுவில் நிறுத்தாமல் பொருள் வெளியே வரும்வரை எடுக்க வேண்டும். பிரித்துக் காட்டித் தரும் டெலிவரி இருந்தால் அதையே தேர்ந்தெடுத்து, பார்த்த பிறகு ஓடிபி சொல்லுங்கள். ஓடிபி சொல்லிவிட்டால் நல்ல நிலையில் வாங்கிக்கொண்டதாகத்தான் கணக்கு. அந்தப் பையனிடம் மட்டும் சண்டை போட வேண்டாம். வெயிலில் படி ஏறி இறங்குகிறவன், இந்த விவகாரத்தில் அவன் கட்சிக்காரனே இல்லை. அன்றைக்கே, முடிந்தால் அடுத்த வேளைக்கே, ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் வீட்டில் இருக்கிற கிரைண்டருக்கு வருவோம். இனி அதை ஓட்டாதீர்கள். ஓட்ட ஓட்டக் கல் இன்னும் பெயரும். நீங்கள் உபயோகித்துக் கெடுத்தீர்கள் என்று சொல்ல அவர்களுக்கு வழி கொடுக்கக் கூடாது. பெயர்ந்த துண்டு கிடைத்திருந்தால் ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். குழவியின் ஓரத்தைப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். அட்டைப் பெட்டி, தெர்மாகோல், வாரண்டி அட்டை எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வாரண்டி அட்டையைப் பொறுமையாகப் படியுங்கள், மோட்டாருக்கு ஒரு காலமும் கல்லுக்கு வேறு நிபந்தனையும் இருக்கலாம். ஆப்பில் இருக்கும் சாட் எல்லாவற்றையும் மகனை இன்று இரவே ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள், அதுவும் தேதியோடு.

மின்னஞ்சல் போன நாளைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரத்தில் பதில் வராவிட்டால் அதையும் குறியுங்கள். பணம் வந்துவிட்டால் எனக்கு ஒரு வரி போடுங்கள். வராவிட்டால் முப்பத்தோராம் நாள் எழுதுங்கள், மனுவை எப்படி எழுதுவது என்று அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.